கப்பலேறிய பணமும் கரையில் நின்ற வரியும்



எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தை இம்முறை ஆயர் ஈத்தாமில் பதிவு செய்தோம். "நாட்டை விட்டுப் போகும் பணக்காரர்களிடம் வரி வாங்க முடியுமா?" என்பது தலைப்பு. வழக்கமாக நெறியாளர் நாற்காலியில் உட்காரும் நான், அன்று பேச்சாளராகவும் பெயர் கொடுத்திருந்தேன். அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் என்று வெளிநாட்டு உதாரணங்களை அட்டையில் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். அதில் பாதியைக்கூடப் பேசவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், எண்பத்தைந்து வயது இருக்கும், ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஏம்மா, நீங்க சொல்றதெல்லாம் வெளியூர்க் கதை. எங்க தோட்டத்து முதலாளி தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டு ஊருக்குப் போனாரே, அவர்கிட்ட யாரு வரி வாங்குனா?"

அரங்கம் சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. விளம்பர இடைவேளை விட்டுத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்த பதிலைத்தான் இந்த ஞாயிறு பக்கத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அது பெரியவருக்கான பதில். எனக்கும்தான். என் பாட்டியும் இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டமும் துண்டாடப்பட்டது. தோட்டத்தின் பெயரும் முதலாளியின் பெயரும் இங்கே வேண்டாம். அவர் மட்டும் செய்த காரியம் அல்ல அது.

ஆயர் ஈத்தாமைத் தெரியாத மூத்த வாசகர் குறைவு. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெறும் வரை, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகும் பேருந்தெல்லாம் இந்த முச்சந்தியில் நின்றுதான் போகும். பீங்கான் ஜாடியும் பூச்சட்டியும் வாங்காமல் வண்டி ஏறியவர்கள் உண்டா? ஒரு பக்கம் பத்து பகாட், மறுபக்கம் குளுவாங். இடையில் எல்லாம் ரப்பர். இன்று செம்பனை. ஊர்ப் பெயருக்குக் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். கறுப்புப் பணம் பற்றிப் பேச நல்ல இடம்தான் என்று நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கதைக்கு வருகிறேன்.

விலாசம் இங்கே, வீடு அங்கே

1820-களில் தொடங்கி நகரத்தார்கள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று வந்து இறங்கினார்கள். கிட்டங்கியில் வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டிக்கு ஒரு கடை, ஒரு கடைக்கு ஒரு விலாசம். பெயருக்கு முன்னால் வரும் அந்த எழுத்துகள்தான் வங்கி, அவைதான் நாணயம். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். இங்கே கணக்கைப் பார்ப்பவர் ஏஜெண்டு. பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவார், அடுத்தவர் வருவார். கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க முடியாதபோது அடமானம் வைத்த நிலம் கடைக்கு வந்து சேரும். 1930-களின் பெருமந்தத்தில், ரப்பர் விலை தரையைத் தொட்டபோது, அப்படி வந்து சேர்ந்த தோட்டங்கள் ஏராளம். வட்டிக்குக் கொடுத்தவர்கள் தோட்டக்காரர்களாக ஆனது இப்படித்தான்.

இப்போது வரிக்கு வருவோம். சம்பாத்தியம் மலாயாவில். முதலாளி இந்தியாவில். வரி கேட்க உரிமை யாருக்கு?

மலாயா அரசு கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கே, போர்க்காலத் தற்காலிக வரிகளைத் தவிர, வருமான வரி என்பதே கிடையாது. அரசாங்கத்துக்கு வருமானம் அபினியிலும் ஏற்றுமதித் தீர்வையிலும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்து கிடைத்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். களைத்துப்போன கூலி அபினி வாங்கிப் புகைத்து அரசாங்கத்தை நடத்தினார். தோட்ட முதலாளி லாபத்துக்கு ஒரு காசு வரி கட்டவில்லை. லண்டனில் பதிவான வெள்ளைக்காரக் கம்பெனிகள் லாபத்துக்கு வரி கட்டின, ஆனால் கட்டிய இடம் லண்டன்.

இந்தியாவில் வருமான வரி இருந்தது. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் கடல் கடந்த வியாபார லாபத்தைப் பற்றி ஒரு விசித்திரமான விதி வைத்திருந்தது. லாபத்தை இந்தியாவுக்குள் கொண்டுவந்தால்தான் வரி. அதுவும், லாபம் கிடைத்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டுவந்தால்தான். அதற்குப் பிறகு வந்தால் வரி இல்லை! அப்படியானால் கெட்டிக்கார வியாபாரி என்ன செய்வார்? பணத்தை மலாயாவிலேயே வட்டிக்கு விட்டு வைப்பார். நான்காம் ஆண்டு அனுப்புவார். அல்லது, "இது லாபமே இல்லை, நான் போட்ட முதல் திரும்பி வருகிறது" என்பார். ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும் பணத்தில் எது முதல், எது லாபம் என்று அதிகாரி எப்படிப் பிரிப்பார்? 1930-களில் இந்த மூன்று ஆண்டுச் சலுகையை அரசு எடுத்துவிட்டது.

இன்னொரு வழியும் இருந்தது. நகரத்தார் ஊர்கள் எழுபதுக்கும் மேல். அவற்றில் பல, அப்போதைய இராமநாதபுரம் மாவட்டத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்தவை. ஆனால் ராயவரம், நச்சாந்துபட்டி, விராச்சிலை போன்றவை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன. அங்கே மகாராஜா ஆட்சி. பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரிச் சட்டம் அங்கே செல்லாது. மாட்டு வண்டியில் போய்ச் சேரும் தூரத்தில் வேறொரு வரி உலகம். வரிப் புகலிடம் என்றால் கடல் நடுவே இருக்கும் தீவுகளைத்தான் நாம் நினைக்கிறோம். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை, செட்டிநாட்டுக்கு நடுவிலேயே அப்படி ஓர் எல்லைக்கோடு ஓடியது.

ஏழு பயணம், 101 நாள்

1939-இல் இந்திய அரசு சட்டத்தை மாற்றியது. இனி பணம் வந்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. ஆள் இங்கே வசிப்பவரா இல்லையா என்பதுதான் கேள்வி. வசிப்பவர் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்கில் வரும். ஆண்டில் 182 நாள் என்ற அளவுகோல் அப்போது வந்தது. இன்றும் இந்தியாவில் அந்த எண் உயிரோடு இருக்கிறது.

பணத்தைப் பிடிக்க முடியாததால் ஆளைப் பிடித்தார்கள். உடனே ஆளின் இருப்பிடம் வழக்கானது.

சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் சுப்பையா செட்டியார் வழக்கு அதில் முக்கியமானது. அவர் மனைவி மக்களோடு இலங்கையில் குடியிருந்தவர். கொழும்பில் வியாபாரம். இந்தியாவில் வீடு, நிலம், முதலீடு இருந்தன. தாயார் ஊரில் இருந்தார். வரி கேட்டது அவரிடம் அல்ல, அவர் தலைவராக இருந்த இந்து கூட்டுக் குடும்பத்திடம். சட்டத்தின் கண்ணில் குடும்பமே ஓர் ஆள். அந்த ஆளின் காரியங்களை நிர்வகிக்கும் தலையும் மூளையும் முழுக்க முழுக்க இந்தியாவுக்கு வெளியே இருந்தால்தான் குடும்பம் வெளிநாட்டுக்காரர். கொஞ்சம் உள்ளே இருந்தாலும் உள்நாட்டுக்காரர்.

வழக்குக்குரிய கணக்காண்டில் அவர் ஏழு முறை இந்தியா வந்திருந்தார். கூட்டிப் பார்த்தால் 101 நாள். வந்தபோது நிலத்தகராறு வழக்கைக் கவனித்தார், வருமான வரி விவகாரத்துக்கு ஆஜரானார், இரண்டு கூட்டு வியாபாரங்களையும் தொடங்கினார். மற்ற நாட்களில் இந்தியக் காரியங்கள் கொழும்பிலிருந்து வந்த உத்தரவின்படிதான் நடந்தன என்பதைக் காட்டும் கடிதங்களைக் கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டுவரவில்லை. 1950 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குடும்பம் இந்தியாவில் வசிப்பதுதான், வெளியே இருப்பதாக நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குடும்பத்துடையது.

எனக்கு இந்த வழக்கைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது. ஒரு மனிதர் ஓராண்டில் எந்தெந்த நாளில் எங்கே தூங்கினார் என்று எட்டு ஆண்டு கழித்தும் உச்ச நீதிமன்றம் எண்ணிக்கொண்டிருக்கிறது. அவர் பணம் எந்த மண்ணில், யார் உழைப்பில் விளைந்தது என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. சட்டம் கேட்கச் சொன்னதை அவர்கள் கேட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதை. இலங்கை அரசாங்கம் மரண வரி வசூலித்தது. ஒருவர் இறந்தால் அங்கே இருக்கும் சொத்தில் ஒரு பங்கு அரசுக்கு. ஆனால் இந்து கூட்டுக் குடும்பச் சொத்துக்கு விலக்கு உண்டு. அருணாசலம் செட்டியார் என்பவரின் ஒரே மகன் 1934-இல் இறந்தார். தந்தை 1938-இல் இறந்தார். கடைசி ஆண் வாரிசும் போன பிறகு கூட்டுக் குடும்பம் எங்கே இருக்கிறது, அது தனி மனிதச் சொத்துதானே, வரி கட்டுங்கள் என்றது கொழும்பு. குடும்பம் மறுத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1957-இல் முடிந்தது. குடும்பத்தில் விதவைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தத்து எடுக்கும் உரிமை இருக்கிறது, நாளைக்கு ஒரு பிள்ளை வரலாம், ஆகவே கூட்டுக் குடும்பம் இன்னும் சாகவில்லை என்று தீர்ப்பானது. இலங்கை தோற்றது. கணவனை இழந்த பெண்களுக்குச் சொத்தில் பெரிய உரிமை எதுவும் கொடுக்காத காலத்தில், அவர்கள் இருப்பே ஒரு பெரும் வரியைத் தள்ளிவிட்டது. இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பணம் எங்கே போனது என்றும் கேட்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த மாளிகைகளுக்கு மட்டும் போகவில்லை. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் கல்லூரிகளைக் கட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். வணங்க வேண்டிய கொடை. ஆனால் அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டப் பள்ளிகள் எப்படி இருந்தன என்பதை அங்கே படித்த உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஆறு வகுப்பு. கொடை, கொடுப்பவர் மனம் எங்கே போகிறதோ அங்கே போகும். வரி அப்படி அல்ல. அது விளைந்த இடத்தில் தங்க வேண்டும். நான் நிகழ்ச்சியில் சொல்ல நினைத்து, சொல்ல முடியாமல் போனது இதுதான்.

மரம் கப்பல் ஏறவில்லை

மலாயாவில் வருமான வரி 1948 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வணிகச் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. போரில் நொறுங்கிய நாட்டை வேறு எப்படி நிமிர்த்துவது என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்றது. பாராட்டலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஆண்டுதோறும் வரும் வருமானத்துக்குத்தான் வரி. சொத்தை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு வரி இல்லை.

அடுத்து நடந்ததை எங்கள் வீட்டில் கதையாகக் கேட்டிருக்கிறேன். 1950-51 கொரியப் போர்க் காலத்தில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. இன்னொரு பக்கம் அவசரகாலம், காட்டிலிருந்து துப்பாக்கி. 1957-இல் சுதந்திரம். புதிய நாடு என்ன செய்யுமோ என்று வெளிநாட்டு முதலாளிகளுக்குப் பயம். வெள்ளைக்காரக் கம்பெனிகளும் விற்றன, செட்டியார்களும் விற்றார்கள். இடைத்தரகர்கள் கூட்டாகச் சேர்ந்து தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சில ஏக்கர் துண்டுகளாக வெட்டிச் சில்லறையில் விற்றார்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை நம்பி இருந்த லயம், கோயில், பள்ளி, மருந்துக் கொட்டகை எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாமல் போயின. ஐந்து ஏக்கர் வாங்கியவர் எதற்கு லயத்துக்குத் தண்ணீர் கொடுப்பார்?

பாட்டி சொல்வார்: "ஒரு நாள் கிராணி வந்து, நாளையிலருந்து பெரட்டுக் கெடையாதுன்னாரு. அவ்வளவுதான்." காலைப் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தே வளர்ந்த சனங்களுக்கு, பிரட்டு இல்லை என்றால் பிழைப்பு இல்லை. என் தாத்தா குளுவாங் பக்கம் வேலை தேடிப் போனார். பாட்டி நான்கு பிள்ளைகளோடு இன்னும் எட்டு மாதம் அதே லயத்தில், அடுப்புக்கு விறகும் விளக்குக்கு எண்ணெயும் கடன் வாங்கி இருந்தார்.

அரசாங்கமும் கவலைப்பட்டது. பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆய்வு செய்து, 1960-களின் தொடக்கத்தில் விரிவான அறிக்கை கொடுத்தார். தொழிலாளர்களுக்கு வேலையும் குடியிருப்பும் போனதை அது பதிவு செய்தது. ஆனால் விற்று வந்த லாபத்துக்கு வரி? பெரியவர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில்: யாரும் வாங்கவில்லை, ஐயா. வாங்கச் சட்டமே இல்லை. நில ஊக வணிக வரி என்று ஒன்று வந்தது 1974-இல். அதுவே 1976-இல் நில ஆதாய வரிச் சட்டமாக மாறியது. அதற்குள் விற்க வேண்டியவர்கள் விற்று, போக வேண்டியவர்கள் போய், துண்டுகள் எல்லாம் கை மாறிவிட்டன.

இதில் எனக்கு ஆற்றாமை ஏற்படுத்துவது ஒன்று உண்டு. ஓடிய பணத்தைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று பார்த்தோம். நாளை எண்ண வேண்டும், கடிதத்தைத் தேட வேண்டும், குடும்பத்தின் மூளை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ரப்பர் மரம் எங்கும் ஓடவில்லையே! நிலம் இங்கேதான் இருந்தது. பத்திரம் மாற்ற நில அலுவலகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த மேசையில் நிறுத்தி, விற்ற லாபத்தில் ஒரு பங்கை வாங்கி, லயத்து மக்களுக்கு மாற்றுக் குடியிருப்புக் கட்டியிருக்கலாம். வசூலிக்க மிகச் சுலபமான வரியை வசூலிக்கவில்லை.

அரசு செய்யாததைத் தொழிலாளர்களே செய்யப் பார்த்தார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கினார்கள். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். அவருடைய தந்தையும் சுங்கை சிப்புட்டில் தோட்டம் வைத்திருந்தவர்தான் என்பதை மறக்கக் கூடாது. முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்று, விற்காதே, வாங்கு என்றார். ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு முன்னால் பத்து வெள்ளி எத்தனை தோட்டத்தைக் காப்பாற்றும்?

இந்த நாட்டை விட்டுப் போனவர்களில் ஏழைகளும் இருந்தார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். ஆயுள் முழுக்க உழைத்ததற்கு ஒரு தகரப் பெட்டி. பணக்காரர் போவதையும் இவர்கள் போவதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஈப்போவிலிருந்து டில்லிக்கு

ஊருக்குத் திரும்பியும் இங்கே சொத்தை விடாமல் வைத்திருந்தவர்களும் உண்டு. அவர்களை இரண்டு நாடும் கேட்டன. 1970-களின் இரண்டாம் பாதியில் இந்தியாவும் மலேசியாவும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதை வைத்து ஒரு வழக்கு. ஈப்போவில் நிலபுலன் வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனம். ரப்பர்த் தோட்ட வருமானம் 88 ஆயிரம் ரூபாய் சொச்சம். சொத்தை விற்றதில் ஆதாயம் 18 ஆயிரம் சொச்சம். இந்திய வருமான வரி அதிகாரி இரண்டையும் தம் கணக்கில் சேர்த்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் தாண்டி டில்லி வரை போனது. 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிலம் மலேசியாவில் இருக்கிறது, ஒப்பந்தப்படி வரி உரிமை மலேசியாவுக்கு, இந்தியா கேட்க முடியாது.

படித்தபோது எனக்கு ஒரு திருப்தி. நாற்பது ஆண்டு பிந்தினாலும், மண் இருக்கும் இடத்துக்குத்தான் வரி என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டார் அல்லவா?

ஆனால் திருப்தி நீடிக்கவில்லை. 2008-இல் இந்திய நிதியமைச்சு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒப்பந்தத்தில் "மற்ற நாட்டில் வரி விதிக்கலாம்" என்று இருந்தால், அது இந்தியாவில் விதிக்கக் கூடாது என்று பொருளாகாது. வருமானத்தைக் கணக்கில் சேர்ப்போம், அங்கே கட்டியதைக் கழித்துக்கொள்வோம் என்றது. 2012-இல் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. இந்தியா அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் மறைத்த சொத்துக்கு 2015-இல் தனிச் சட்டம் போட்டது: 30 விழுக்காடு வரி, அதற்குமேல் மூன்று மடங்கு அபராதம். 2020-இல் இன்னொரு கிடுக்கி. எந்த நாட்டிலும் வரி கட்ட வேண்டிய நிலையில் இல்லாத இந்தியக் குடிமகனுக்கு, இந்தியாவிலிருந்து 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வந்தால், அவர் எங்கே தூங்கினாலும் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். சுப்பையா செட்டியார் வழக்கின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

வெளிநாட்டுக் கதைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், குறிப்பு எடுத்தது வீணாகக் கூடாது. அமெரிக்கா 2008 முதல், குடியுரிமையைத் துறக்கும் பெரும் பணக்காரர் சொத்தையெல்லாம் அன்றைக்கே விற்றுவிட்டதாகக் கணக்கிட்டு வரி கேட்கிறது. பேஸ்புக் நிறுவனர்களில் ஒருவரான எட்வர்டோ சாவரின், நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் குடியேறி, அமெரிக்கக் குடியுரிமையை விட்டபோது அங்கே பெரிய கூச்சல் எழுந்தது. கொண்டுவந்தால்தான் வரி என்ற பழைய பிரிட்டிஷ் வழக்கத்தைப் பிரிட்டனே 2025 ஏப்ரலில் கைவிட்டது. நம் நாடு? 2022 முதல் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி என்று அறிவித்துவிட்டு, அங்கே வரிக்கு உட்பட்ட வருமானமாக இருந்தால் தனிமனிதர்களுக்கு விலக்கு என்றது. அந்த விலக்கை 2036 வரை நீட்டித்தும் இருக்கிறது.

ஆனால் ஒரு கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனி 1931 டிசம்பரில், நாட்டைவிட்டு ஓடும் பணக்காரர்களுக்கு 25 விழுக்காடு வெளியேறும் வரி போட்டது. இட்லர் வருவதற்கு முன் இருந்த அரசு, பொருளாதார நெருக்கடியில், நல்ல நோக்கத்தோடு கொண்டுவந்த வரி. இரண்டு லட்சம் மார்க்குக்கு மேல் சொத்து உள்ளவர்களுக்குத்தான். நாஜிகள் 1934-இல் அதை 50 ஆயிரமாகக் குறைத்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடிய யூதக் குடும்பங்களைக் கொள்ளையடிக்கும் கருவியாக அது ஆனது. இதைச் சொன்னபோது ஆயர் ஈத்தாம் அரங்கம் அமைதியானது. வாசலில் நின்று பிடுங்கும் வரியைக் கண்டு எனக்குப் பயம். யார் போகிறார், ஏன் போகிறார் என்று அது கேட்பதில்லை. மண்ணில் விளையும்போதும், மண் கைமாறும்போதும் வாங்கும் வரிதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. இதை ஒப்புக்கொள்ளாத வரித்துறை நிபுணர் ஒருவர் எங்கள் மேடையிலேயே இருந்தார். இன்றைய செல்வம் ரப்பர் மரம் இல்லை, கணினிக்குள் இருக்கும் பங்கு, அது பொத்தானைத் தட்டினால் கப்பலேறிவிடும் என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

பதிவு முடிந்து விளக்குகளை அணைத்த பிறகு அந்தப் பெரியவரிடம் போனேன். "ஐயா, நீங்க கேட்டதுக்கு நான் படிச்சுட்டு எழுதுறேன்" என்றேன். நான் எழுதுவதைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை போலிருந்தது. சம்பந்தன் சங்கத்துக்குத் தானும் பணம் கட்டியதாகச் சொன்னார். ஒரே தடவையில் கட்ட வசதி இல்லாமல், இரண்டு இரண்டு வெள்ளியாகக் கிராணியின் உதவியாளரிடம் கொடுத்து வைத்துக் கட்டினாராம்.

"ரசீது குடுத்தாங்கம்மா" என்றார். "வீட்ல இருக்கு. வந்தா காட்டுறேன்."